கடலுக்குப் போகாத நாட்களின் கணக்கு



ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தைக் கொடுத்து இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். இங்கே பேச வருகிறவர், தாம் நேரில் பார்த்த ஒன்றிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அது. 'பருவநிலை மாற்றமும் கடற்கரை ஏழைகளும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் அதை ஒரு காலண்டரிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர். வாடைக் காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. ஃபைபர் படகுகளை எல்லாம் மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் கண்ணில் பட்டது. நம் வீடுகளில் பால் கணக்கு எழுத வசதியாகத் தேதிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்களே, அந்த மாதிரிக் காலண்டர். பாதிக்கு மேற்பட்ட கட்டங்களில் நீல மையில் சுழி போட்டிருந்தது. சில சுழிகளுக்குப் பக்கத்தில் 300, 500, ஓரிடத்தில் 2,000 என்று எண்கள். பால் கணக்காக இருக்காதே என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

“சுழி போட்டது இவுரு கடலுக்குப் போவாத நாளு சார். பக்கத்துல இருக்கறது அன்னிக்கு வாங்குன கடன்.”

இதில் புயல் அடித்த நாள் எது என்று கேட்டேன். ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “புயலு ஒருநாளுதான். மத்ததெல்லாம் புயல் வரும்னு சொன்ன நாளு, காத்து அடிச்ச நாளு, கடல் கலங்கிக் கெடந்த நாளு.” பிறகு தாள்களைப் பின்னால் புரட்டினார். ஆடியில் சுழி இருந்தது. ஆனியிலும் இருந்தது. “முன்னலாம் இந்த மாசத்துல இப்படி விழாது” என்றார். நான் சும்மா இருப்பதைப் பார்த்து அவரே சொன்னார்: “போவலன்னா பசிக்காதா சார்?”

அந்த ஒரு கேள்விக்கு நம் அரசும், அறிவியலும், தொண்டு நிறுவனங்களும் என்ன பதில் வைத்திருக்கின்றன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், நாம் நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயிரைக் காப்பாற்ற நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அதே ஒடிசாவில் 2019 மே 3 அன்று ஃபனி புயல் கரை கடந்தது. அதற்குள் சுமார் 12 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இருபது ஆண்டுகளில் ஒரு மாநிலம் செய்து காட்டிய வேலை இது. உலகமே வந்து பார்த்துப் பாடம் படிக்க வேண்டிய வேலை.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு என்ற மீனவ ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் ஓர் அறிவு மையம் இருந்தது. அலை உயரம் எவ்வளவு, காற்று எப்படி என்று ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வதற்காக வைத்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். ஊர் இளைஞர்கள் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் தப்பித்தது. அப்போது நம் நாட்டுக்குச் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. ஐதராபாத்தில் அது வந்தது 2007-இல்தான். கடற்கரைக்குத் தேவைப்பட்டது ஒரு செய்தியும் அதை உரக்கச் சொல்ல ஒரு குழாயும் என்பதை அந்த ஊர் நமக்குக் காட்டியது.

செய்தி எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஒக்கி புயல் காட்டியது. 2017 நவம்பர் 29, 30. இலங்கைக்குப் பக்கத்தில் இருந்த தாழ்வு மண்டலம் ஒரே இரவில் புயலாக மாறியது. குமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. சூரைக்கும் சுறாவுக்கும் அரபிக் கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல் மீனவர்கள் அவர்கள். கரையில் எச்சரிக்கைக் கொடி ஏறியபோது அவர்கள் எந்த வானொலிக் கருவியும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. உடலும் வரவில்லை. காணாமற்போனவர் இறந்தவராகக் கருதப்பட நம் சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. ஏழு ஆண்டுகள் ஒரு மீனவர் வீடு எதைச் சாப்பிட்டுக் காத்திருக்கும்? அந்த விதியைத் தளர்த்தித்தான் நிவாரணம் வழங்க வேண்டிவந்தது. கடலுக்குள் செய்தி கொண்டுபோகும் செயற்கைக்கோள் கருவிகள் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. அந்த எட்டு ஊர்களின் பெண்கள் சாலையில் உட்கார்ந்து கேட்ட பிறகு.

இந்தக் கவலை இனி கூடவே செய்யும். இந்தியப் பெருங்கடல், உலகக் கடல்களின் சராசரியைவிட வேகமாகச் சூடாகி வருகிறது. அரபிக் கடலில் புயல் குறைவு என்று நாம் பள்ளியில் படித்த கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. சூடான நீரின் மேல் வரும் தாழ்வு மண்டலம், கரைக்காரர்கள் சுதாரிப்பதற்குள் வலுத்துவிடுகிறது. ஆகவே எச்சரிக்கைகள் கூடும். கூடத்தான் வேண்டும். முன்னறிவிப்பு மேம்பட மேம்பட 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அந்த வரி அடிக்கடி வரும். கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் நிறுத்தப்படும். படகு மேட்டில் ஏறும். உயிர் பிழைக்கும்.

அந்த அம்மாவின் காலண்டரில் ஒரு சுழி கூடும்.

நான் சொல்ல வந்தது இதுதான். பருவநிலை மாற்றம் கடற்கரை ஏழையின் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் புயலாக அல்ல, வேலையற்ற நாளாக. அந்த நாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. விழுந்த வீட்டைக் கணக்கெடுக்க வருவாய் ஆய்வாளர் வருவார். உடைந்த படகைப் படமெடுக்க மீன்வளத் துறையிலிருந்து வருவார்கள். உடையாத படகு, விழாத வீடு, பசித்த வயிறு, இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஒரு சுழியின் விலை என்ன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். படகில் நான்கு பேர் போவார்கள். வந்த பாட்டில், அதாவது பிடித்த மீனில், எரிபொருள் செலவு போக, படகுக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்கி, மிச்சத்தை ஆட்களுக்குப் பிரிப்பார்கள். படகு போகவில்லை என்றால் பங்கு இல்லை. அன்றைக்கு அரிசிக்கடையில் கடன் சொல்லலாம். மறுநாளும் சொல்லலாம். நான்காம் நாள் தோடு அடகுக்குப் போகும். படகுக்காரர் ஏலக்காரரிடம் முன்பணம் கேட்பார். ஏலக்காரர் மறுக்கமாட்டார், அதுதான் அவர் தொழில். ஆனால் அந்தப் பணம் கை மாறிய நிமிடத்திலிருந்து மீனை யாரிடம் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்ற உரிமையும் சேர்ந்தே கை மாறிவிடுகிறது. பத்து நாள் காற்று ஓய்ந்து, கடல் தெளிந்து, நல்ல பாடு கிடைத்தாலும் அந்த மீன் அவருடையதாக இருப்பதில்லை.

பெண்களின் நாள் இதிலும் பின்னால் நிற்கிறது. கரைக்கு மீன் வந்தால்தான் ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணுக்கு வியாபாரம். கருவாடு காயப்போடுகிறவர், இறால் உரிக்கிறவர், வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர், ஐஸ் உடைக்கிறவர் என்று ஒரு படகை நம்பிக் கரையில் எத்தனை கைகள் இருக்கின்றன. அவர்களில் பலர் மகளிர் குழுக் கடனோ தனியார் நிதி நிறுவனக் கடனோ வாங்கியிருப்பார்கள். வாரத் தவணை வசூலிக்க வருகிறவருக்கு வாடைக் காற்று தெரியாது. புதன்கிழமை என்றால் புதன்கிழமை.

கடனைக் கடலோடு கட்டிப்போட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் 1970-களில் கோட்டாறு மறைமாவட்டச் சமூகப் பணியில் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் ஜேம்ஸ் தாம்பர் போன்றவர்கள் மீனவர்களோடு சேர்ந்து ஊர்ச் சங்கங்களைக் கட்டினார்கள். மீனை வியாபாரி விற்கக் கூடாது, சங்கமே ஏலம் விட வேண்டும் என்பது அதன் அச்சாணி. 1980-இல் இத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக சிஃப்ஸ். அவர்கள் வைத்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கடன் அடைக்கும் முறை. சங்கத்தில் விற்கும் மீனின் விலையில் ஒரு பங்கு கடனுக்குப் போகும், ஒரு சிறு பங்கு சேமிப்புக்குப் போகும். நிறைய மீன் பட்ட நாளில் நிறையப் பிடித்தம். மீன் படாத நாளில் பிடித்தம் இல்லை. கடலுக்குப் போகாத நாளில் தவணையும் இல்லை. பருவநிலை மாற்றம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, கடலின் நாடியைப் பிடித்துப் பார்த்து எழுதிய கடன் ஒப்பந்தம் அது. இன்று சிறுகடன் கொடுக்கும் எந்த நிறுவனமும் கடற்கரையில் கால் வைக்கும் முன் இதைப் படித்துவிட்டு வர வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பொய். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குத் தமிழ்நாடு அரசு கொடுத்துவந்த 5,000 ரூபாயை 2023-இல் 8,000 ஆக உயர்த்தினார்கள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 131 ரூபாய். போதாது என்றாலும், அதற்குள் இருக்கும் கொள்கை பெரிது. வேலை செய்யாதே என்று அரசு சொன்னால் அந்த நாளுக்கு அரசு பொறுப்பு என்பதை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது, மீனவ மகளிருக்கும் இருக்கிறது. மீன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தினால் நிவாரணம் உண்டு. மனிதன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தினால் மட்டும் ஏன் இல்லை?

கேரளம் இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானிலை எச்சரிக்கையால் கடலுக்குப் போக முடியாமல் இழந்த நாட்களுக்காக மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 3,000 ரூபாய் வழங்க அந்த ஆண்டு இறுதியில் அமைச்சரவை முடிவெடுத்தது. தொகை சிறியதுதான். ஆனால் 'எச்சரிக்கையால் இழந்த நாள்' என்ற ஒன்று அரசின் கோப்பில் எழுதப்பட்டதே, அதுதான் முக்கியம்.

குஜராத்தில் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலா பட் 1972-இல் தொடங்கியது. அங்கே உப்பளத்திலும் தெருவிலும் வெயிலில் வேலை செய்யும் பெண்களுக்காக, வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால் தானாகப் பணம் வந்து சேரும் காப்பீடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2024 கோடையில் சுமார் 50,000 பெண்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்கில் ஏறியது. ஆய்வாளர் வந்து சேதம் பார்க்கவில்லை, மனு எழுதவில்லை, தாசில்தார் கையெழுத்துக்கு நிற்கவில்லை. வெப்பமானி காட்டியது, பணம் போனது. இதைக் காற்றுக்கும் அலைக்கும் செய்ய எது தடை? எந்த மாவட்டத்துக்கு என்றைக்கு எச்சரிக்கை விடப்பட்டது என்பது வானிலைத் துறையிடம் தேதிவாரியாக இருக்கிறது. மீனவர் நல வாரியத்திடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அந்த இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

இனி மன்னார் வளைகுடாவுக்கு வாருங்கள். என் மனம் அதிகம் நிற்கும் இடம் அது.

பாம்பன் சின்னப்பாலம், ஏர்வாடி, பாரதிநகர் பக்கத்துப் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். விடியும் முன் சோறாக்கி வைத்துவிட்டுப் படகில் தீவு ஓரம் போவார்கள். விரல் நுனிகளில் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், பாறையும் பவளமும் கிழிக்கும் என்பதால். கண்ணில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப் பை. மூச்சடக்கி முங்கி, பாறையைப் பிடித்து, மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிப் பையில் திணித்து மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி முங்குவார்கள். மணிக்கணக்கில். கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பருவத்துக்கு ஒன்று. நாம் சாப்பிடும் ஐஸ்கிரீம் உருகாமல் நிற்பதற்கும், ஆய்வகத்தில் கிருமி வளர்ப்பதற்கும் வேண்டிய பொருள் அந்தப் பாசியில் இருந்து வருகிறது.

1986-இல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதோடு, தலைமுறையாக முங்கிய இடத்தில் இந்தப் பெண்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். பையும் கண்ணாடியும் பறிபோன கதைகளை ஒவ்வொரு ஊரிலும் கேட்கலாம். அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தாங்களே உட்கார்ந்து பேசி ஒரு கணக்குப் போட்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. தடைக்காலத்தில் தாங்களும் இறங்காமல் இருப்பது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால் கிள்ள வேண்டும், அப்போதுதான் மறுபடி தளிர்க்கும். கடலுக்குப் போகாத நாளைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்துக் கடலுக்குக் கொடுத்தார்கள். இந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டின் சீக்காலஜி விருது கிடைத்தது. உலக அளவில் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் விருது.

அவர்கள் கொடுத்த நாட்கள் போக மிச்சமிருக்கும் 12 நாளைத்தான் இப்போது வெப்பம் தின்கிறது. 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் வெளுத்தன. பாசி ஒட்டி வளரும் தரையே அதுதான். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. முன்பெல்லாம் பவளக் கல்லை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம், எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட நான் தயாராக இல்லை. முங்குவதற்கு மாற்றாக 2000-க்குப் பிறகு மூங்கில் மிதவையில் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும் தொழில் வந்தது. 45 நாளில் அறுவடை, கையில் காசு. பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். 2013-14 வாக்கில் நீர் சூடேறிப் பாசி மொத்தமாக அழுகியது. விதைப்பாசிகூட மிஞ்சாத வீடுகள் உண்டு. நெல் கருகினால் பயிர்க் காப்பீடு என்று ஒரு சொல்லாவது இருக்கிறது. மிதவையில் கருகியதற்கு என்ன இருந்தது? இப்போது இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்குமேல் செலவில் கடற்பாசிப் பூங்கா அமைகிறது. வரட்டும், வரவேற்கிறேன். சூடேறும் ஆண்டு ஒன்று மறுபடி வரும்போது மிதவைக்காரப் பெண்ணின் இழந்த நாளை யார் தாங்குவார்கள் என்பதை அந்தத் திட்ட அறிக்கையில் ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

வேதாரண்யத்தை நான் சுருக்கமாகத்தான் தொட முடியும். 1930-இல் ராஜாஜி உப்பள்ளிய ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. உப்பளங்களில் கடல் சேறு வந்து படிந்தது. தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்ததை எல்லோரும் படம் எடுத்தார்கள். பாத்தியில் படிந்த சேறு படத்தில் அழகாக விழாது. உப்பளத் தொழிலாளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை கிடையாது. அந்த மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தை நம் மாநிலம் 2022-இல் தொடங்கியது. அந்த நல்ல திட்டம் மழை தன் மாதத்தில் பெய்யும் என்று நம்பி எழுதப்பட்டது. மாசியிலும் பங்குனியிலும் கொட்டும் ஒருநாள் மழை, விளைந்த உப்பைக் கரைத்துவிட்டுப் போகிறது. பாத்தி மறுபடி காய்ந்து, தண்ணீர் கட்டி, உப்புப் பூக்கும்வரை கூலி இல்லை. திட்டத்தில் அந்த நாட்கள் இல்லை.

கடற்கரை மணலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990 முதல் 2018 வரையான அளவீட்டில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அரிப்பில் இருப்பதாகத் தேசியக் கடலோர ஆய்வு மையம் சொல்கிறது. கடல் மட்டம் ஏறுவது ஒரு காரணம். நம் கையால் போட்ட கல் அதைவிடக் கண்முன்னே தெரியும் காரணம். கிழக்குக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். நடுவில் துறைமுக அலைத்தடுப்பைப் போட்டால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் தின்னும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் பக்கம் கரை போனதும் ஒரே கல்லின் இரண்டு பக்கங்கள். புதுச்சேரியில் 1989-இல் அலைத்தடுப்பு வந்தது. நகரின் மணற்கரை போயிற்று, கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களைப் பிடித்தது. அங்கும் தூண்டில் வளைவு என்ற கல்தடுப்பைக் கேட்டார்கள். அடுத்த ஊருக்கு அரிப்பு போயிற்று.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மீனவருக்கு மணற்கரை ஒரு பணியிடம். படகு ஏற்ற, வலை காயவைக்க, வலை பழுதுபார்க்க, ஏலம் விட, கருவாடு உலர்த்த எல்லாம் அதே மணல். கல் கொட்டிய கரையில் சிறு படகு ஏறாது. அலை கொஞ்சம் உயர்ந்தாலே ஏற்ற முடியாது என்று அன்றைக்குத் தொழிலுக்குப் போகமாட்டார்கள். வீட்டைக் காப்பாற்றப் போட்ட கல், வேலை நாளைக் குறைக்கிறது. சுனாமிக்குப் பின் வந்த 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் போனால் புது வீடு, போகாமல் அங்கேயே இருந்தால் அரசு உதவி இல்லை என்றது. உயிர்ப் பாதுகாப்பு என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் தூரத்துக் குடியிருப்பிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கடலின் நிறம் பார்க்க முடியாது. ஏலத்துக்கு ஓடிவரும் பெண்ணுக்கு ஆட்டோ கூலி யார் தருவார்கள்? பாதுகாப்பான இடத்துக்கு வீட்டை மாற்றுகிற எந்தத் திட்டமும், விட்டுவந்த மணலின் உரிமையை அந்த ஊர் பெயருக்கே எழுதிவைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை தரும் இடமும் ஒன்று இருக்கிறது, பிச்சாவரம். பழைய காலத்தில் அங்கே அலையாத்தி மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பு ஏறி மரம் முளைக்காமல் போனது. 1990-களில் வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் போன்ற வாய்க்கால்களை வெட்டி, ஓதத்தில் நீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். காடு திரும்பியது. சுனாமியில் அதன் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகவே சேதப்பட்டன என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. எல்லோரும் சொல்லாத இன்னொன்றை நான் சேர்க்கிறேன். அலையாத்தி ஓடைகளில், கடல் கொந்தளிக்கும் நாளிலும் நண்டும் இறாலும் பிடிக்கலாம். படகே இல்லாத இருளர் குடும்பங்கள் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். ஒரு காடு அந்த ஊர்களுக்குப் புயல் தடுப்பாக மட்டும் இருக்கவில்லை, சுழி விழ வேண்டிய நாளில் சோறு போட்டது. உப்பங்கழிகளைத் தூர்த்துத் தொழிற்சாலைக்கும் இறால் பண்ணைக்கும் கொடுக்கும்போது இழப்பது இதைத்தான். இதற்கு மாறாக, சுனாமிக்குப் பிறகு அவசரமாகக் கரை நெடுகச் சவுக்கு நட்டதில் பல ஊர்களுக்கு வலை காயவைக்க இடம் போனதுதான் மிச்சம்.

மாணவர்களே, முடிக்கும் முன் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க விரும்புகிறேன். தமிழ்நாட்டுக் கரையில் 608 கடல் மீனவ ஊர்கள் இருப்பதாக மீன்வளத் துறை சொல்கிறது. எந்த ஊரில் சென்ற ஆண்டு எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை, அந்த நாட்களில் எவ்வளவு கடன் ஏறியது என்ற கணக்கு ஓர் இடத்திலும் இல்லை. நிவாரணம் கொடுக்கலாம் என்று நினைக்கிற அதிகாரிகளும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பது இந்தக் கணக்கைத்தான். வரும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை, இந்தக் கல்லூரிக்கு அருகில் உள்ள ஐந்து ஊர்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு மாதக் காலண்டர் கொடுங்கள். சுழி போடுவது அந்த வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைதான். காற்றா, எச்சரிக்கையா, கடல் கலக்கமா, படகு ஏற்ற இடமில்லையா என்று அவர் சொல்வதைப் பக்கத்தில் எழுதுங்கள். மீன் விற்பவர், பாசி எடுப்பவர், உப்பளத்துக்குப் போகிறவர் வீடுகளை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் காலண்டர் தாள்களை அடுத்த ஆண்டு இதே நாளில் இந்த மேடைக்குக் கொண்டுவாருங்கள். மாவட்ட ஆட்சியரையும் மீன்வளத் துறை அதிகாரிகளையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். பேச்சாளராக என்னை அழைக்க வேண்டாம். அந்தப் பெண்களில் ஒருவரை அழையுங்கள் என்று அறக்கட்டளைக் குடும்பத்தாரை வேண்டிக்கேட்டுக்கொள்கிறேன்.